கடைசிக் கட்டத்தில் காற்று

"எங்க அண்ணன நான் அடிக்கல்ல. சுவரு அடிச்சுது."

மரியான் போலீசிடம் சொன்னது இவ்வளவுதான். ஸ்டேஷனில் சொன்னான். மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னான். ஜெயிலுக்கு வேன் ஏறும்போதும் அதையே சொன்னான். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் மனைவி பிளஸ்ஸி வந்து அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னபோது, தாணம்மாள் ஒருத்திதான் சிரிக்கவில்லை.

தாணம்மாள் பாதி ஆயுளை உடைந்த பொருள்களோடு கழித்தவள். ஆரல்வாய்மொழியில் இறக்கை முறிந்த காற்றாலை, குளச்சலில் கவிழ்ந்த படகு, மார்த்தாண்டத்தில் எரிந்த குடோன் என்று எது நாசமானாலும் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் அவளைத்தான் அனுப்புவார்கள். எது தானாக உடைந்தது, எதை ஆள் வைத்து உடைத்தார்கள் என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். அதை விட்டுவிட்டு, வடசேரியில் மருந்துக்கடை மாடியில் துப்பறியும் போர்டு மாட்டியபோது அவளோடு வந்து ஒட்டிக்கொண்டவன் டைட்டஸ். குழித்துறைக்காரன். துபாயில் ஸ்டோர் கீப்பராக எக்ஸெல் ஷீட்டோடு குடித்தனம் நடத்திவிட்டுத் திரும்பியவன். சும்மா இருக்கும் வாய் அவனுக்குக் கிடையாது.

அன்று காலை அந்த வாய் உலர்ந்து போயிருந்தது.

"அக்கா, மரியான் பொய் சொல்லுகான்" என்றான், லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி.

"யாரு சொன்னா?"

"எக்ஸெல் சொல்லுது."

"அதுக்கு வாயிருக்கா?"

"இல்ல. அதனால தான் அதுக்கு பொய் சொல்லத் தெரியாது."

தாணம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். "நான் உங்கிட்ட என்ன சொன்னேன்? சுவர வெளிய இருந்து அடிச்சா உள்ள என்ன ஆவும்னு பாக்கச் சொன்னேன். என்ன ஆவுது?"

"ஒரு மண்ணும் ஆவல்ல."

"செரி. கணக்க நல்லாப் பாத்துட்டு இன்ஸ்பெக்டர் சாருக்கு அனுப்புவோம்."

"அனுப்பியாச்சுக்கா. எது கிட்டினாலும் ஒளிக்காம இன்ஸ்பெக்டருக்கு அனுப்புன்னு நீங்க தான சொன்னிய? நேத்தே அனுப்பிட்டேன். இப்பம் ஃபோன் வந்துது. மத்தியானம் மரியானுக்க ஜாமீன் மனு வருதாம். ஆட்சேபணையோட நம்ம ஷீட்டையும் சேத்துக் குடுக்கப் போறாராம்."

மரியானைக் காப்பாற்றப் பிளஸ்ஸி அமர்த்திய ஆட்கள் அவர்கள். மரியானின் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்தவர்களும் அவர்களே என்று ஆகிவிட்டது.

வழக்கு சின்னது. அதுதான் அதன் கஷ்டம்.

கன்னியாகுமரிக்கு மேற்கே சிப்பித்துறை என்ற மீனவர் ஊர். அங்கே கடலோரப் பாறைகளை ஒட்டி செல்வதாஸுக்கு ஒரு வலைப்புரை உண்டு. வலையும் எஞ்சின் சாமானும் போட்டுவைக்கும் ஒற்றை அறை, காங்கிரீட் சுவர். மாதா திருவிழா அன்று சாயங்காலம் செல்வதாஸும் தம்பி மரியானும் உள்ளே உட்கார்ந்து ஏதோ குடும்பத் தகராறைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடல்காற்று கதவைப் பிடித்து அடிக்காமலிருக்க உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். வெளியே கதினாக்கள் முழங்கிக்கொண்டிருந்தன. கதினா என்றால் கனத்த இரும்புக் குழாய். அடியில் வெடிமருந்தைப் போட்டு, மேலே செங்கல் பொடியை இடித்து இறுக்கி, வாயை வானத்தைப் பார்க்க வைத்துத் திரி கொளுத்துவார்கள். அது வெடித்தால் ஊரே குலுங்கும்.

செல்வதாஸ் எப்போதும் ஒரே ஸ்டூலில்தான் உட்காருவான். தலையை எப்போதும் ஒரே இடத்தில்தான் சுவரில் சாய்ப்பான். அங்கே எண்ணெய்க் கறை படிந்திருந்தது. மரியானின் கூச்சல் கேட்டுக் கூட்டம் கதவை உடைத்து உள்ளே போனபோது, அவன் பின்மண்டை பிளந்து கீழே கிடந்தான். எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பள்ளம். அவனுக்கு அடியில் சுவரிலிருந்து பெயர்ந்த சில்லு. மூலையில் எஞ்சின் சாமானோடு ஒரு சம்மட்டி. பிடியெல்லாம் மரியானின் கைரேகை.

உள்ளே பூட்டிய அறை. இரண்டு பேர். ஒருத்தன் பிணம், இன்னொருத்தன் சுவர்மேல் பழிபோடுகிறான். அண்ணனை அடித்துவிட்டுச் சுவரையும் சம்மட்டியால் பெயர்த்திருக்கிறான் என்றல்லாமல் போலீஸ் வேறு என்ன நினைக்கும்?

செல்வதாஸுக்கு எதிரி இல்லாமலில்லை. போன பருவத்தில் அவனுடைய ஃபைபர் வள்ளம் நடுக்கடலில் இரண்டாகப் பிளந்தது. அதில் போனவர்கள் திரும்பவில்லை. ஃபைபர் அடுக்கைக் குறைத்து ஏமாற்றி வள்ளம் செய்தவன் டெனிஷ் என்றான் செல்வதாஸ். கரை ஒதுங்கிய துண்டில் வட்டமாக ஒரு முத்திரை இருந்தது: ஒரு மீன், அதன் வயிற்றில் 'டெ' என்ற எழுத்து. ஃபைபரை ஒட்டி இறுகும் ரெசின் பசை ஈரமாயிருக்கும்போதே அதில் இரும்பு முத்திரையை அழுத்திப் பதித்த அடையாளம். 'என் யார்டுல முத்திரையே கிடையாது' என்று டெனிஷ் சத்தியம் செய்தான். விசாரணையில் செல்வதாஸ் சாட்சி சொல்ல இருந்தான். அதற்குள் செத்தான்.

ஆனால் டெனிஷ் அந்த அறைக்குள் நுழையவில்லை. யாரும் நுழையவில்லை. பிறகு எப்படிக் கொன்றிருப்பான்? இன்ஸ்பெக்டர் வைகுண்டராஜன் இந்த ஒரு கேள்வியிலேயே தாணம்மாளை மடக்கி உட்கார வைத்திருந்தார்.

"ஷீட்டக் காட்டு" என்றாள் தாணம்மாள்.

"இந்தா பாருங்க. ஒரு வரியில இருக்க ஒவ்வொரு கட்டமும் சுவருக்க ஒரு சீவல். இடது பக்கம் வெளிச்சுவரு, வலது பக்கம் உள்சுவரு. அடுத்த வரி, ஒரு கண் இமைப்புக்கும் கொறஞ்ச நேரம் கழிச்சு அதே சுவரு. ஒவ்வொரு சீவலும் ரெண்டு பக்கத்துச் சீவலையும் பாத்து தான் நகரும். ஃபார்முலாவ ஒருக்க எழுதி கீழ இழுத்துவிட்டாப் போதும், மீதிய அதே பாத்துக்கிடும். நெருக்கம் வந்தா சிவப்பு. இழுவை வந்தா நீலம்."

"ஒரே நாளுல படிச்சியா?"

"மொத தடவ நேரத்தப் பெரிய பெரிய துண்டா வச்சேன். சுவரு தீபாவளி கொண்டாடிட்டு, எண்ணு பெருத்து கட்டம் முழுக்க '####'னு முள்ளுவேலி முளைச்சிற்று. பொறவு நேரத்தப் பொடிப்பொடியா நறுக்கினேன். இப்பம் மரியாதையா ஓடுது."

அவன் கீழே உருட்டினான். இடது ஓரத்தில் ஒரு அடி விழுந்தது. அங்கே பிறந்த சிவப்புப் பட்டை, வரிக்கு வரி ஒரு கட்டம் வலது பக்கம் நகர்ந்து, சுவருக்குள் சாய்கோடாகப் போயிற்று. வலது ஓரத்தை எட்டியது. முட்டியது. அப்படியே சிவப்பாகவே திரும்பி வந்தது. எங்கேயும் நீலம் இல்லை.

"காங்கிரீட்ட நெருக்கினா தாங்கும், இழுத்தா தான் உடையும்" என்றான் டைட்டஸ். "அப்பம் ஒரு பொடி கூட உதிராது. நானும் வெளிச்சுவரப் போய் பாத்தேனே. ஒரு கீறல் இல்ல. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மட்டும் தான் ஒட்டியிருக்கு. அதுவும் பாறையப் பாத்த சுவருல. ஆள் நடமாட்டம் கிடையாது. காக்கா வந்து வாசிச்சு அழட்டும்னு ஒட்டியிருப்பானுவ போல."

தாணம்மாள் சிரிக்கவில்லை. அவள் விரல் திரையின் வலது ஓரத்தில் நின்றது.

"கடைசிக் கட்டத்துல ஏன் எல்லா வரியிலயும் சைபர்?"

"சுவரு நகருமாக்கா? கடைசிச் சீவல் அசையாதுன்னு வச்சேன்."

அவள் எழுந்து போய், அவன் சோற்றுப்பொதியை வைத்துச் சாப்பிடும் கேரம் போர்டை இழுத்துப் போட்டாள். காய்களை ஒன்றையொன்று தொடும்படி ஒரே வரிசையாக அடுக்கினாள். "கடைசிக் காய உன் விரலால அழுத்திப் பிடி." பிடித்தான். அவள் ஸ்ட்ரைக்கரால் முதல் காயைச் சுண்டினாள். டக் என்று ஒரு சத்தம். வரிசை அப்படியே நின்றது.

"விரல எடு."

எடுத்தான். மறுபடி சுண்டினாள். நடுவில் இருந்த காய்கள் அசையவில்லை. கடைசிக் காய் மட்டும் தெறித்துப் போய்ப் பலகையின் சட்டத்தில் மோதித் தரையில் விழுந்தது.

டைட்டஸ் விழுந்த காயைப் பார்த்தான். பிறகு தன் விரலைப் பார்த்தான்.

"ஏலே, செல்வதாஸ் அறைக்குள்ள யாரு சுவர விரல் வச்சுப் பிடிச்சிட்டிருந்தா? அந்தப் பக்கம் இருந்தது காத்துல்லா?"

அவன் உட்கார்ந்து கடைசிக் கட்டத்தில் இருந்த சுழியத்தை அழித்தான். பக்கத்துச் சீவல் தள்ளினால் தள்ளிய பக்கம் போகலாம், மறுபக்கம் பிடித்துவைக்க எதுவுமில்லை என்று ஃபார்முலாவை மாற்றிக் கீழே இழுத்தான். அவசரத்தில் ஒருமுறை தப்பாக இழுத்தான். மறுபடி இழுத்தான்.

சிவப்பு போயிற்று. வலது ஓரத்தை எட்டியது. இந்தத் தடவை முட்டவில்லை. ஓரத்துச் சீவல் காற்றுக்குள் ஓடப் பார்க்க, அதன் பின்னால் நீலம் பிறந்தது. நீலம் உள்ளே நடந்து வந்தது, கறுத்தது, ஒரு இடத்தில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே கோடு அறுந்தது. அறுந்த பக்கத்துக் கட்டங்கள் கொத்தாக வலது பக்கம் போய்க்கொண்டே இருந்தன. திரும்பவில்லை.

"எனக்க மாதாவே" என்றான் டைட்டஸ். "அடி வெளிய. சில்லு உள்ள."

"உள்ள இருந்து மரியான் சம்மட்டியால அடிச்சிருந்தா?"

அவன் புரிந்துகொண்டான். "சில்லு வெளிய பாறைக்குப் போயிருக்கும். உள்ள பொடிதான் நொறுங்கிக் கிடந்திருக்கும். படத்துல பொடியே இல்லக்கா. வெண்ணெயச் சீவின மாதிரி இருக்கு பள்ளம்." சட்டென்று நாற்காலியில் நிமிர்ந்தான். "அப்பம் அவன் சொன்னது நெசம். சுவரு தான் அடிச்சிருக்கு!"

"துள்ளாத. சில்லு எவ்வளவு கனம்?"

"எனக்க பெருவிரல் கனம். போலீஸ் படத்துல ஸ்கேல் வச்சிருக்கானுவ."

"அடிச்ச சாமானுக்க நீளத்த மாத்திப் பாரு."

சம்மட்டித் தலையின் நீளத்தைப் போட்டான். அறுந்த கோடு சுவரின் நடுவயிற்றில் விழுந்தது. நீளத்தைக் குறைத்தான். கோடு வலது பக்கம் நகர்ந்தது. இன்னும் குறைத்தான். இன்னும் நகர்ந்தது. அடிப்பது மெலிய மெலியச் சில்லும் மெலிந்தது. பெருவிரல் கனத்துக்குச் சில்லு வந்து நின்றபோது, அடித்த பொருள் ஒரு இரும்புத் தகடாகச் சுருங்கிப் போயிருந்தது.

"தகடா?" என்றான். "யாரு, தோசைக்கல்ல எறிஞ்சா கொன்னான்?"

"எறியல்ல. சுட்டிருக்கான்." தாணம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "தகடு அடிச்சா வெளிச்சுவருல வட்டமா ஒரு தடம் இருக்கணும். வெளிச்சுவரு படத்த எடு."

டைட்டஸ் ஃபோனில் படத்தை எடுத்தான். சாம்பல் நிறச் சுவர். நடுவில் செல்வதாஸ் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் அஞ்சலி.

"அடுத்த படம். சந்தியில ஒட்டினது."

அடுத்த படத்தில் அதே போஸ்டர் கடல்காற்றில் பாதி கிழிந்து, செல்வதாஸின் தாடை தொங்கிக் கிடந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒட்டியது முழுசாகவே உரிந்து போயிருந்தது.

"காக்காய்க்கு ஒட்டினது மட்டும் கண்ணாடி போட்ட படமாட்டு மினுங்குது, பாத்தியா? அது எந்த உயரத்துல இருக்கு?"

டைட்டஸ் பார்த்தான். ஸ்டூலில் உட்கார்ந்த ஆளின் தலை உயரம்.

அப்போது தாணம்மாளின் ஃபோன் அடித்தது. பிளஸ்ஸி. அவள் பேசியது ஃபோனைத் தாண்டி டைட்டஸுக்கும் கேட்டது.

"அக்கா, இஞ்ச ஜேசிபி வந்து நிக்குது. அண்ணனுக்க ரத்தம் பட்ட சுவரு நிக்கப்பிடாதாம், இடிச்சிட்டு புதுசு கெட்டித் தருகானாம். காசே வேண்டாம்னு சொல்லுகான். ஊரே அவனக் கும்பிடுது."

"யாரு?"

"டெனிஷ்."

"ஏட்டி, ஜேசிபிக்க முன்ன போய் நில்லு. நாங்க வரது வரைக்கும் அசையாத."

ஸ்கூட்டரை டைட்டஸ் ஓட்டினான். சுசீந்திரம் தாண்டும்போது பின்னால் உட்கார்ந்திருந்த தாணம்மாள் இன்ஸ்பெக்டரைப் பிடித்துவிட்டாள்.

"சாரே, அந்தச் சுவர இடிக்கப்பிடாது. நிறுத்தும்."

வைகுண்டராஜனின் குரல் காற்றில் பிய்ந்து வந்தது. "தாணம்மா, உள்ள படம் எடுத்தாச்சு, அளவு எடுத்தாச்சு. ஊர்க் கமிட்டி கேட்டுது, விட்டேன். வெளிய இருந்து அடிச்சா ஒண்ணும் ஆவாதுன்னு உங்க ஆளு தான கணக்குப் போட்டு அனுப்பியிருக்கான்?"

"அதுல ஒரு சைபர் தப்பு."

"ஒரு சைபருக்காவ நான் ஜேசிபிய நிறுத்தணுமா?"

"ஒரு சைபருக்காவ ஒருத்தன் ஜெயிலுல இருக்கான் சாரே. நீரு நேருல வாரும். திருவிழாவுக்கு கதினாப் பொறுப்பு யாருக்குன்னு கமிட்டியில கேட்டுட்டு வாரும்."

ஃபோன் வெட்டுப்பட்டது. கொட்டாரத்தில் லாரி குறுக்கே நின்றது. டைட்டஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தான். சாதாரணமாக இந்த இடத்தில் அவன் லாரிக்காரனின் பரம்பரையை விசாரித்திருப்பான். இன்றைக்கு வாய் வரவில்லை. அந்தச் சைபரை அவன் கைதான் அடித்தது. யாரும் சொல்லிக் கொடுத்து அடிக்கவில்லை.

சிப்பித்துறைக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. இரும்பு, பிறகு காங்கிரீட், பிறகு தூசி.

அவர்கள் ஓடிப்போனபோது வலைப்புரைக்குக் கடற்பக்கச் சுவர் இல்லை. பிளஸ்ஸியை இரண்டு பெண்கள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து வைத்திருந்தார்கள். அவள் முழங்கையில் ரத்தம். ஜேசிபி தன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. காங்கிரீட் கட்டிகள் பாறைமேல் குவிந்து கிடந்தன. எது எந்தப் பக்கம் என்று இனி கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

"விட்டாளுவ இல்ல அக்கா" என்றாள் பிளஸ்ஸி.

குவியலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெனிஷ் வந்தான். வெள்ளை வேட்டி, கழுத்தில் ஜெபமாலை, நகக்கண்ணில் காய்ந்த ரெசின். அவன் நல்லவனைப் போலவே இருந்தான். டைட்டஸுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"வாங்க தாணம்மா அக்கா. கொஞ்சம் முந்தி வந்திருந்தா சுவரப் பாத்திருக்கலாம். என்ன செய்ய? செல்வதாசுக்க பெஞ்சாதிக்கு அதப் பாக்கப் பாக்க நெஞ்சு வலி. ஊருக்கு நம்மளால ஆனது." டைட்டஸைப் பார்த்துச் சிரித்தான். "தம்பி தான கம்ப்யூட்டர்ல சுவரு கெட்டினது? கொள்ளாம். இனி அதுலயே வச்சுப் பாத்துக்கிட வேண்டியது தான்."

"நீங்க இடிச்ச சுவரு எனக்க லேப்டாப்புல நிக்குது அண்ணே" என்றான் டைட்டஸ். சொன்னானே தவிர, அவனுக்கே நம்பிக்கை இல்லை. கட்டங்களைக் காட்டி நீதிபதியிடம் என்ன சொல்வது? சுவரைக் கேட்பார்கள்.

இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றது. வைகுண்டராஜன் இறங்கி, குவியலைப் பார்த்து, தாணம்மாளைப் பார்த்தார். "ம்" என்றார். அதில் மன்னிப்பும் இருந்தது, எரிச்சலும் இருந்தது.

தாணம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவியல்மேல் ஏறினாள். கட்டிகளுக்கு நடுவில் குனிந்து தேடினாள். நின்றாள்.

செல்வதாஸ் சிரித்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றிச் சுவர் தூள்தூளாகக் கிடந்தது. அவன் முகத்தில் ஒரு மடிப்பில்லை, ஒரு கிழிசலில்லை. ஒட்டியிருந்த சுவர் போன பிறகும் போஸ்டர் பலகைபோல விறைத்து, இரண்டு கட்டிகளுக்கு நடுவில் சாய்ந்து நின்றது.

அவள் விரல் முட்டியால் அதைத் தட்டினாள். டக், டக்.

"இது யாரு மக்கா ஒட்டினது?" என்று கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டாள். "ஊரு முழுக்க ஒட்டினதெல்லாம் நாய் கடிச்ச மாதிரித் தொங்குது. செத்தவனுக்கு இப்படில்லா மரியாத செய்யணும்! ஒட்டினவன் கைக்குத் தங்க வளையல் போடணும்."

கூட்டம் டெனிஷைப் பார்த்தது. டெனிஷ் தலையைக் குனிந்து பணிவாகச் சிரித்தான். ஊரே பார்க்கும்போது கிடைக்கிற நல்ல பெயரை விட அவனுக்கு மனசு வரவில்லை.

"நான் தான். மைதாப் பசை இந்தக் காத்துக்கு நிக்காது. அதான் ஒரு அடுக்கு ஃபைபர் துணியும் வச்சு ரெசின் போட்டு ஒட்டினேன். நம்ம கூட்டாளில்லா."

"சாரே, கேட்டீரா?"

"கேட்டேன்" என்றார் வைகுண்டராஜன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் டெனிஷுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே நின்றது, கண் மட்டும் போய்விட்டது.

தாணம்மாள் போஸ்டரைப் பிடுங்கி எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

பின்பக்கம் முழுக்கச் சுவரின் சொரசொரப்பு அச்செடுத்த மாதிரி ஒட்டியிருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு புடைப்பு. சுவரிலிருந்த தடத்தை மூடத்தான் ரெசின் ஊற்றினான். ரெசின் மூடவில்லை. தடத்துக்குள் இறங்கி, அதன் ஒவ்வொரு மடிப்பையும் நிரப்பி, அப்படியே இறுகிவிட்டது. அச்சில் வார்ப்பது ரெசினின் குணம். அதை வைத்துப் பிழைப்பவனுக்கே அந்தச் சமயத்தில் அது மறந்துபோயிருந்தது.

புடைப்பில் ஒரு மீன் இருந்தது. அதன் வயிற்றில் ஏதோ எழுத்து. வாசிக்க முடியவில்லை.

"குடுங்க அக்கா!" டைட்டஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு ஸ்கூட்டருக்கு ஓடினான். பக்கக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தான். கண்ணாடிக்குள் மீன் திரும்பிப் படுத்தது. எழுத்தும் திரும்பியது. "சாரே, இஞ்ச வாரும்! கண்ணாடியில பாரும்! 'டெ'!"

வைகுண்டராஜன் குனிந்து பார்த்தார். தன் ஃபோனை எடுத்து, பிளந்த வள்ளத்தின் துண்டைப் படத்தில் தேடிப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"உன் யார்டுல முத்திரையே கிடையாதுன்னல்லா சொன்ன, டெனிஷ்?"

"இப்பம் ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றாள் தாணம்மாள். "இது தான் சாரே அந்தத் தகடு. சாட்சியும் போவணும், முத்திரையும் போவணும். ரெண்டையும் ஒரே வெடியில தீத்துடலாம்னு பாத்திருக்கான். கதினாவ நட்டக்குத்தா வைக்காம, இந்தப் பாறையில படுக்கப் போட்டு வாயச் சுவருக்கு நேர வச்சிருக்கான். செங்கல் பொடிக்கு மேல முத்திரைய வச்சு அடைச்சிருக்கான். கோயில் முத்தத்துல வெடி முழங்கும்போ இதையும் கொளுத்தினா யாருக்குத் தெரியும்? பொறவு முத்திரையக் கடலுல எறிஞ்சாச்சு. அந்த அறைக்குள்ள அவன் போவ வேண்டிய தேவையே இல்ல. அவனுக்க அடி மட்டும் போனாப் போதும்."

"கதினாப் பொறுப்பு" என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர், "கமிட்டியில கேட்டேன், இவனுக்குத் தான்..."

முடிக்க விடவில்லை டெனிஷ். ஒரே பாய்ச்சலில் டைட்டஸைத் தள்ளிவிட்டுப் போஸ்டரைப் பறித்தான். தலைக்குமேல் தூக்கிப் பாறைமேல் ஓங்கி அடித்தான். டைட்டஸ் மணலில் விழுந்தபடி கண்ணை மூடிக்கொண்டான். டம் என்று சத்தம் வந்தது. மறுபடி அடித்தான். டம். மறுபடியும்.

டைட்டஸ் கண்ணைத் திறந்தான். போலீஸ்காரர்கள் டெனிஷின் கைகளைப் பின்னால் முறுக்கியிருந்தார்கள். போஸ்டர் பாறைமேல் கிடந்தது. செல்வதாஸின் காதோரம் லேசாகச் சிராய்த்திருந்தது. மீன் முழுசாக இருந்தது.

டைட்டஸ் அதை எடுத்துப் பார்த்து, டெனிஷிடம் காட்டினான். "நல்ல உழைப்பு அண்ணே. இதுல மட்டும் அடுக்கு குறைக்கல்ல."

கூட்டத்தில் ஒரு கிழவர் மணலில் காறித் துப்பினார். வள்ளத்தில் போய்த் திரும்பாதவர்களின் வீட்டார் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரு அடி முன்னால் வைத்ததைப் பார்த்து, இன்ஸ்பெக்டர் டெனிஷை அவசரமாக ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

பிளஸ்ஸி முழங்கை ரத்தத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்தாள். "மத்தியானம் ஜாமீன் மனு..." என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

"ஆட்சேபணை இல்லைன்னு நானே போய்ச் சொல்லுதேன்" என்றார் வைகுண்டராஜன். பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா தாணம்மா, கோர்ட்டுல நான் என்னன்னு சொல்ல? என்ன நடந்துதுன்னு ஒரு வரியில எழுதணும்லா?"

"மரியான் முதல் நாளே எழுதித் தந்துட்டான் சாரே. சுவரு அடிச்சுது. யாரு அடிக்க வச்சான்னு மட்டும் நீரு கூடச் சேத்துக்கிடும்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. டைட்டஸ் பக்கம் திரும்பினார். "லேய், நேத்து அனுப்பின ஷீட்ட நான் கிழிச்சுப் போட்டுடுதேன். செரியானத இப்பமே அனுப்பு."

டைட்டஸ் ஸ்கூட்டர் சீட்டில் லேப்டாப்பை விரித்து வைத்தான். திரையில் தூசி படிந்திருந்தது. சட்டையால் துடைத்தான். கடைசிக் கட்டத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். சைபர் இல்லை. இருந்தாலும் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக உருட்டி இன்னொருமுறை பார்த்தான். தாணம்மாள் அவசரப்படுத்தவில்லை.

பிறகு அனுப்பினான்.